சூரியன் பாட்டில், நிலா பாட்டில்

அத்தியாயம் 3

"பாஸ், அது வெறும் நாற்காலி. கடிக்காது. உட்காருங்க."

"சாயுற எதுலயும் நான் உட்கார்றதில்ல, வாலு. நின்னுக்கிட்டே துப்பறிஞ்சுக்கிறேன்."

ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். எதிரே கத்தியோடு ஒருவன் வந்தாலும் கொட்டாவியை முடித்துவிட்டுத்தான் அவனைத் திரும்பிப் பார்ப்பார் என்று பெயர் வாங்கியவர். ஊரே 'மோப்பம்' என்று அழைக்கும் அந்தத் துப்பறியும் நிபுணர், பல் மருத்துவமனையின் சிகிச்சை அறையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். நாற்காலிக்கு மேலே வளைந்து தொங்கிய விளக்கை விட்டு அவர் கண் நகரவில்லை. எந்த நிமிடமும் அது தன்மேல் பாய்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

உதவியாளர் வாலுவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். டைப்பிஸ்ட் வேலையை உதறிவிட்டு இந்த மனிதரிடம் வந்து சேர்ந்த பலன் இன்றைக்குத்தான் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

"நீங்க சொல்லுங்க டாக்டரம்மா," என்றாள். "அவரு உடம்புதான் ஓடப் பார்க்குது. காது இன்னும் நம்ம பக்கம்தான்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மெலிந்த உருவம், முழங்கை வரை மடித்த கோட்டு, தூங்காமல் சிவந்த கண்கள். ஒரு கையை அந்த நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்திருந்தார். யாரோ பிடுங்கிக்கொண்டு போகப்போகிற குழந்தையின் தோளைப் பற்றியிருப்பதுபோல.

"நாளைக் காலையிலேர்ந்து இந்த நாற்காலி எனக்கு இல்ல. மாடிக்குப் போய்ப் பல்செட்டுக்கு அச்சு எடுக்கணுமாம். இனிமே ரூட் கெனால் எல்லாம் பெரியத்தான்தான் பார்ப்பாராம்."

பெரியத்தான் என்பது அவர் கணவரின் அண்ணன். அவரும் பல் டாக்டர். மருத்துவமனையில் இருவருக்கும் சம பங்கு. சத்தத்தில் மட்டும் அவருக்கு முக்கால் பங்கு. கணவரோ கண் டாக்டர். பல் விவகாரம் எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஏன் அப்படி?" என்றார் மோப்பம், சுவரிலிருந்து.

"ஒரு சோதனையில தோத்துட்டேன் சார். தோத்தவங்க மாடிக்குப் போறதுன்னு பேச்சு. ரூட் கெனால்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசையும் இல்ல."

டாக்டரம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "பல்லு வேருக்குள்ள கெட்டுப்போன நரம்பை எடுத்துட்டு, உள்ளே மருந்து விட்டு அலசணும். துணி வெளுக்கிற ப்ளீச் இருக்குல்ல, அதே சரக்குதான். எவ்வளவு காரமா விடுறதுங்கறதுதான் சண்டை. லேசா விட்டு நிறைய தடவை அலசினாப் போதும், மறுநாள் வலி குறைவா இருக்கும்ங்கிறது என் கட்சி. பெரியத்தான் கட்சி வேற. காரமா விடு, வலி எல்லாம் நோயாளியோட கற்பனைம்பாரு."

"கற்பனைக்கு வீங்கின கன்னம் எப்படி வருதாம்?" என்றாள் வாலு.

"அதைத்தான் நானும் கேட்டேன்மா. சரி, சோதிச்சுப் பார்த்துடலாம்னு முடிவாச்சு. ரெண்டு பாட்டில். ஒண்ணுல காரம், ஒண்ணுல லேசு. ஒண்ணுமேல சூரியன் படம், இன்னொண்ணுமேல நிலா படம். எதுல எதுன்னு நர்ஸக்காவுக்கு மட்டும்தான் தெரியும். பின்னறையிலயே ஊசிக்குழாயில நிரப்பிக் கொண்டுவந்து என் கையில குடுப்பாங்க. எனக்கும் தெரியாது, படுத்திருக்கவங்களுக்கும் தெரியாது. மறுநாள் போன்ல கூப்பிட்டு, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்னு கேட்டு, அந்தப் பலகையில எழுதிடுவாங்க."

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. சூரியன் பக்கம் முழுக்கப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், மறுபடியும் பூஜ்யம். முட்டைக் கடை மாதிரி இருந்தது. நிலா பக்கம் எட்டு, ஒன்பது, ஒன்பது, பத்து. நடுவில் ஓரிடத்தில் பதினொன்று.

"பத்துக்குப் பதினொண்ணா?" வாலு வாயைப் பிளந்தாள். "ட்யூஷன் வச்சிருப்பாரோ?"

"இன்னைக்குக் காலையில நர்ஸக்கா குட்டை உடைச்சாங்க," டாக்டரம்மாவின் குரல் உள்ளே போயிற்று. "நிலாதான் லேசாம். காரம் விட்டவங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. லேசா விட்டவங்க அலறுறாங்க. என் கட்சி தலைகீழாப் போச்சு. ஆனா, இத்தனை வருஷமா இந்த நாற்காலியில எத்தனை வாயைப் பார்த்திருக்கேன். இப்படி நடக்க வழியே இல்ல சார். யாரோ பாட்டிலை மாத்தியிருக்கணும்."

"யாரோன்னு யாரைச் சொல்ற?" என்றது வாசலில் ஒரு குரல்.

பெரியத்தான், ஊருக்குப் பெரிய டாக்டர், உள்ளே வந்தார். குரல் முதலில் வந்தது, வயிறு அடுத்து, கடைசியில் அவர். கறுப்புப் பேண்ட், பளபளக்கும் ஷூ, வென்றவனின் நடை.

"சோதனை கேட்டது நீ. தோத்தது நீ. இப்போ துப்பறியும் ஆள் வேறயா? பல்லு ஆடுச்சுன்னா போலீசைக் கூப்பிடுவியா?"

மோப்பம் மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். பிறகு பெரிய டாக்டரின் முழங்காலைக் காட்டினார்.

"அது என்ன சார், வெள்ளைப் புள்ளி?"

கறுப்புப் பேண்டின் வலது முழங்காலில், தெறித்த மாதிரி நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். ப்ளீச் பட்ட இடத்தில் சாயம் போன புள்ளிகள்.

வாலு சுதாரித்துக்கொண்டாள். "முழங்கால் போட்டு உட்கார்ந்து ஏதோ ஊத்தியிருக்கீங்க சார். பாட்டில் அலமாரியும் கீழ்த்தட்டுலதானே இருக்கு?"

பெரிய டாக்டரின் முகம் மெல்லச் சிவந்தது. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மோப்பத்தின் காதருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்துவது அவ்வளவு பழக்கமில்லாத காரியம் என்பதால் அது வராந்தா வரை கேட்டது.

"பாத்ரூம்."

"என்ன பாத்ரூம்?"

"வீட்டு பாத்ரூம் சார். ஞாயித்துக்கிழமையானா நான்தான் தேய்ச்சுக் கழுவணும். சம்சாரம் உத்தரவு. போதுமா?"

டாக்டரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது. காலையிலிருந்து முதல் முறையாக.

"உண்மைதான்," என்றார் மோப்பம் வருத்தத்தோடு. "கூடவே எலுமிச்சை வாசனை வருது. பாத்ரூம் சரக்குதான்."

"கையில கிடைச்ச குற்றவாளி போச்சே பாஸ்."

"போகட்டும். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லு. அப்படியே உன் கைக்குட்டையையும் குடு."

"கைக்குட்டை எதுக்கு?"

எதற்கு என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. நர்ஸக்கா இரண்டு பழுப்புநிறப் பாட்டில்களோடு வந்தார். நரைத்த கொண்டை, கஞ்சி போட்டதுபோல் விறைத்த நடை. அலமாரிச் சாவி கழுத்துச் சங்கிலியிலேயே தொங்கியது. மோப்பம் சூரியன் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை வாலுவின் ஊதாக் கைக்குட்டையில் விட்டார். "ஐயோ, இது என்னோட..." என்று அவள் தொடங்கி முடிப்பதற்குள் அந்த இடம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. அடுத்த மூலையில் நிலாச் சொட்டு. இந்த முறை வாலுவுக்குத் திட்டி முடிக்க நேரம் கிடைத்தது. மோப்பத்தின் பரம்பரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த இடம் லேசாக வெளிறியது.

"சூரியன் காரம். நிலா லேசு. சொன்னது சொன்னபடி இருக்கு," என்றார் பெரிய டாக்டர், கைகளைத் தட்டிக்கொண்டு. "கேஸ் முடிஞ்சுது. மாடியில ஜன்னல் எல்லாம் காத்தோட்டமா இருக்கும்மா. போகப் போகப் பழகிடும்."

"இப்போ சரியா இருக்கு," என்றார் மோப்பம். "அன்னைக்கும் சரியா இருந்துதான்னு பாட்டிலைக் கேட்டா தெரியாது. மருந்து பட்ட துணியைக் கேட்கணும். நர்ஸம்மா, யார் சட்டையிலயாவது தெறிச்சுதா?"

"தெறிக்காம இருக்குமா? ரெண்டு பேர் கத்திட்டுப் போனாங்க. சூரியன்ல ஒருத்தர், எதிர்ச்சாரியில தையல் கடை வச்சிருக்காரு. நிலாவுல ஒருத்தர், ஸ்கூல்ல விளையாட்டு வாத்தியார். அந்தப் பதினொண்ணு அவருதான்."

மோப்பம் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். அந்த உடம்புக்கு அவ்வளவு வேகம் உண்டு என்று வாலுவுக்கே அன்றுதான் தெரிந்தது.

* * *

தெருவுக்கு வந்ததும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"வாலு, அந்தப் பலகையில உனக்கு எது உறுத்துச்சு?"

"பதினொண்ணு."

"எனக்குப் பூஜ்யம். பல்லைக் குடைஞ்சு, நரம்பைப் பிடுங்கி, வேரை அலசி விட்ட மறுநாள், ஒருத்தருக்குக் கூடவா ஒண்ணு ரெண்டு இல்ல? கொசு கடிச்சாலே மனுஷன் ரெண்டு மார்க் போடுவான்."

தையல் கடை ஒரு ஆளும் ஒரு மெஷினும் இருக்கிற அளவுதான். தையற்காரர் ஒரு கோட்டுக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தார். குண்டூசிகளை வழக்கமாகத் தையற்காரர்கள் உதட்டில் கவ்வியிருப்பார்கள். இவர் தன் காலரில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். இடது கன்னம் பந்து போல உப்பியிருந்தது. மெஷின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாலில் ஊறிய ரொட்டி.

"சட்டையா?" என்றார் பாதி வாயால். "அதோ தொங்குது பாருங்க. நானே தைச்ச சட்டை. போச்சு."

நீலச் சட்டை. நெஞ்சில் பட்டாணி அளவு ஒரு வட்டம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காரமேதான். சந்தேகமே இல்லை.

"வலி எப்படி இருக்கு?" என்றாள் வாலு.

"வலியா? வலியே இல்லைங்க." சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டியது. "பூஜ்யம். போன்லயும் பூஜ்யம்னுதான் சொன்னேன்."

"ஊசி ஏன் காலர்ல இருக்கு?"

"அது... காத்தாட இருக்கட்டும்னு."

"ரொட்டி ஏன் பாலுக்குள்ள நீச்சலடிக்குது?"

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தார். "தாயே, உனக்குப் புண்ணியமாப் போகட்டும். எனக்கு வலி இருக்குன்னு அங்க போய்ச் சொல்லிடாதே. முக்கியமா, போன் பண்றவங்க காதுக்குப் போகக் கூடாது."

"போன் எப்போ வந்தது?" என்றார் மோப்பம்.

"காலையில. கடை திறந்துக்கிட்டு இருந்தேன்."

அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாலுவை இழுத்துக்கொண்டு நடந்தார்.

விளையாட்டு வாத்தியாரின் வீடு இரண்டு தெரு தள்ளி. பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். ஆனால் கதவைத் திறந்தவர் சாட்சாத் வாத்தியார்தான். உள்ளே டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை நிறைய வறுத்த வேர்க்கடலை. கடக் முடக் என்று மென்றுகொண்டே, "யாரு?" என்றார்.

"பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து..."

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். கடலை கதவுக்குப் பின்னால் போயிற்று. உள்ளங்கை கன்னத்துக்கு வந்தது. புருவங்கள் மேலேறின. "ஆ... ஐயோ... பேசவே முடியல..."

"சார், நீங்க பிடிச்சிருக்கிறது வலது கன்னம்," என்றாள் வாலு அன்பாக. "உங்களுக்கு வேலை பார்த்தது இடது பக்கம்னு நர்ஸக்கா சொன்னாங்க."

வாத்தியார் கையை மாற்றினார். நர்ஸக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. வாலுவாக எடுத்துவிட்டதுதான்.

"பரவால்ல சார், கடலையை முடிங்க. நாங்க சட்டை பார்க்கத்தான் வந்தோம்."

அவருடைய சிவப்பு டிராக் சூட்டில், தோள்பட்டையில் ஒரு மங்கல் தெறிப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. லேசேதான்.

"அன்னைக்கும் பாட்டில் மாறல," என்று மோப்பம் முணுமுணுத்தார். "சார், உங்களுக்குப் போன் எப்போ வந்தது?"

"சாயங்காலம். ஸ்கூல் விட்டு வந்து காலை நீட்டினேன், மணி அடிச்சுது." வாத்தியார் வழிந்தார். "நான் பத்துதாங்க சொல்லலாம்னு இருந்தேன். அந்தத் தங்கச்சி 'அடடா, ரொம்பக் கஷ்டப்படுறீங்களே'ன்னு சொன்னதும் மனசு இளகிடுச்சு. இன்னொண்ணு சேர்த்துப் போட்டுட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் நான் கடலை தின்னதைச் சொல்லிடாதீங்க. லீவு இன்னும் பாக்கி இருக்கு."

தெருவில் வாலு நின்றுவிட்டாள்.

"பாஸ். பூஜ்யம் சொன்னவரு ரொட்டியை ஊற வச்சுக் குடிக்கிறாரு. பதினொண்ணு சொன்னவரு கடலையை அரைச்சுத் தள்ளுறாரு. பாட்டில் மாறல. பல்லும் மாறல. அப்போ..."

"மார்க்தான் மாறியிருக்கு," என்றார் மோப்பம். "வா. எனக்கு அங்க போகப் பிடிக்கல. இருந்தாலும் வா."

* * *

சாயங்காலம் சிகிச்சை அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். டாக்டரம்மா நாற்காலிக்குப் பக்கத்தில். பெரிய டாக்டர் நாற்காலியின் மிதியைக் காலால் அழுத்தி ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பைக் வாங்கப் போகிறவர் ஹாரன் அடித்துப் பார்ப்பது மாதிரி. நர்ஸக்கா. அவர் பக்கத்தில், சாயங்காலங்களில் வரவேற்பு மேஜையில் உட்காரும் இளம்பெண். 'குயில்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் "வணக்கம்" சொன்னாலே தூக்கம் வந்துவிடும், அப்படி ஒரு குரல்.

"ஒரு சின்ன நாடகம்," என்றார் மோப்பம், தன் பழைய சுவரில் சாய்ந்து. "வாலுதான் நோயாளி. நேத்துதான் ரூட் கெனால் முடிஞ்சுது. நர்ஸம்மா, நீங்க போன் பண்ற மாதிரி பேசுங்க. வழக்கமா எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே."

நர்ஸக்கா தொண்டையைச் செருமினார். வாலு காதில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஹலோ. பல் ஆஸ்பத்திரி. நேத்து செஞ்ச பல்லு வலிக்குதா இல்லையா? வலிச்சா மறைக்காதீங்க. உடனே கிளம்பி வாங்க. மறுபடி திறந்து, ஊசி போட்டு, உள்ளே எங்க கோளாறுன்னு நல்லா நோண்டிப் பார்த்துடுவோம். பத்துக்கு எத்தனை?"

"பூஜ்யம்!" என்று அலறினாள் வாலு. அவள் நடிக்கவில்லை. தானாக வந்துவிட்டது.

"அக்கறையாத்தானே கேட்கிறேன்?" என்றார் நர்ஸக்கா, புரியாமல்.

"அதான் பிரச்சினை," என்றார் மோப்பம். "இப்போ நீ பேசும்மா."

குயில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஹலோ... நல்லா இருக்கீங்களா? தூங்கினீங்களா? பாவம், எவ்வளவு வலிச்சிருக்கும். சும்மா பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்காதீங்க, மனசு விட்டுச் சொல்லுங்க. ஏழுக்கு மேல இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி ஆபீசுக்கு லீவு சர்ட்டிபிகேட் வாங்கித் தரேன். பத்துக்கு எத்தனை போட்டுக்கட்டும்?"

"பத்து," என்றாள் வாலு, கண் சொக்கி. "பன்னெண்டு வரைக்கும் போகலாமா?"

டாக்டரம்மா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "லீவு சர்ட்டிபிகேட்டா? அதான் தினமும் அத்தனை கையெழுத்து வாங்கினியா?"

"பாவமா இருந்துச்சு டாக்டரம்மா..."

"இருங்க, இருங்க," பெரிய டாக்டர் மிதியிலிருந்து காலை எடுத்தார். "பயந்தவன் பூஜ்யம்னான், பாசத்துல உருகினவன் பத்துன்னான். ஒத்துக்கிறேன். ஆனா பயந்தவன் எல்லாம் சூரியனாவும் உருகினவன் எல்லாம் நிலாவாவும் எப்படி வந்தாங்க? யாருக்கு எந்தப் பாட்டில்னு காசைச் சுண்டிப் பார்த்துத்தானே முடிவு பண்ணச் சொன்னோம்? பூவும் தலையும் கலந்துதானே விழும்?"

மோப்பம் நர்ஸக்காவைப் பார்த்தார். நர்ஸக்கா தரையைப் பார்த்தார்.

"காசை ஒருதரம் சுண்டினேன். உருண்டு நாற்காலிக்கு அடியில போயிடுச்சு," என்றார் கடைசியில். "ஒவ்வொரு ஆளுக்கும் நான் குனிஞ்சு தேட முடியுமா? இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அதான் குழப்பமே வராத மாதிரி ஒரு வழி பண்ணினேன். சூரியன் பாட்டில் காலையில வர்றவங்களுக்கு. நிலா பாட்டில் சாயங்காலம் வர்றவங்களுக்கு. சூரியன் காலையில, நிலா சாயங்காலம். கரெக்ட்டாதானே இருக்கு?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் அது அபூர்வம்.

"குயில் சாயங்காலம்தான் வேலைக்கு வர்றா," என்று மோப்பம் மெதுவாகக் கோர்த்தார். "முந்தின நாள் எந்த நேரத்துல வந்தாங்களோ, மறுநாள் அதே நேரத்துல போன். காலை ஆளுங்களுக்கு நர்ஸம்மா. சாயங்கால ஆளுங்களுக்குக் குயில். நீங்க ரெண்டு மருந்தைச் சோதிக்கல. ரெண்டு குரலைச் சோதிச்சிருக்கீங்க."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அப்போ நான் தோக்கல."

"ஜெயிக்கவும் இல்ல," என்றார் பெரிய டாக்டர் சட்டென்று.

"ஆமா. ஜெயிக்கவும் இல்ல. காரம் வலிக்குமா, லேசு வலிக்குமாங்கிறது நமக்கு இன்னும் தெரியாது. மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். காசை நான் சுண்டுறேன். போனை ஒரே ஆள் பண்ணட்டும், எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஆனா அதுவரைக்கும் நான் மாடிக்குப் போக மாட்டேன் பெரியத்தான்."

"எதுவும் தெரியலைன்னா பெரியவன் சொல்றதுதான் சட்டம்!" பெரிய டாக்டரின் குரல் ஜன்னல் கண்ணாடியில் மோதியது. "நாளைக் காலையில நாற்காலி என்னோடது. பேச்சு முடிஞ்சுது. என் சர்வீஸ்ல காரத்தைத் தவிர வேற தொட்டதில்ல. வலியாம் வலி. எல்லாம் கற்பனை!"

"சார், டென்ஷன் ஆகாதீங்க சார்," என்று குயில் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டினாள். அந்தக் குரலில் நீட்டினால் விஷத்தைக்கூட வாங்கிக் குடிக்கலாம். பெரிய டாக்டர் கோபத்தோடு வாங்கி, ஒரே மூச்சில் வாய் நிறையக் கவிழ்த்துக்கொண்டார்.

அடுத்து நடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. டம்ளர் பறந்தது. தண்ணீர் வாலுவின் மேல் பொழிந்தது. பெரிய டாக்டர் ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த அறை அதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தைப் போட்டார்.

"கற்பனை ரொம்ப சில்லுன்னு இருந்துச்சோ சார்?" என்றாள் வாலு, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

டாக்டரம்மாவுக்குள் இருந்த தம்பி மனைவி மறைந்து மருத்துவர் வந்துவிட்டார். சிறு கண்ணாடியை எடுத்தார். "வாயைத் திறங்க பெரியத்தான்."

"ஒண்ணுமில்ல. கூச்சம்."

"திறங்க."

திறந்தார். கண்ணாடியின் காம்பால் கடைவாய்ப் பல்லில் டாக்டரம்மா மெல்லத் தட்டியதும் பெரிய டாக்டர் தரையை விட்டு எழும்பினார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"...கொஞ்ச நாளா."

"நரம்பு கெட்டுப்போச்சு. ரூட் கெனால் பண்ணியாகணும். உங்க பல்லுக்கு நீங்களே பண்ணிக்க முடியாது. நல்ல டாக்டரா வெளியில யாரையாவது பாருங்க. காரமா விடுறவங்களாப் பார்த்துப் போங்க. நான் மாடியில இருப்பேன்."

பெரிய டாக்டர் வாசல் வரை நடந்தார். நின்றார். திரும்பினார். கன்னத்தில் இருந்த கையை எடுக்காமலே கேட்டார். இந்த முறை குரல் நிஜமாகவே தாழ்ந்திருந்தது.

"அந்த... நிலா பாட்டில் தீர்ந்துடுச்சா?"

நர்ஸக்கா விறைத்துப்போனார். குயில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னது பெரியத்தான்? சரியாக் கேட்கல."

"லேசு போதும்னேன். எனக்கு. நீயே பண்ணிடு." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கை உனக்கு மிருதுவா இருக்கும்னு பேஷண்டுங்க சொல்லிக் கேள்விப்பட்டிருக்கேன்."

"ஊருக்கெல்லாம் சூரியன், உங்களுக்கு மட்டும் நிலாவா சார்?" என்றாள் வாலு.

"இந்தப் பொண்ணை யாராவது வெளியில கூட்டிட்டுப் போங்களேன்!"

யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. சற்று நேரத்தில், காலையிலிருந்து யாருடையது என்று அடித்துக்கொண்ட நாற்காலியில் பெரிய டாக்டர் மல்லாந்து படுத்திருந்தார். கன்னம் மரத்துப் போயிருந்தது. வாய்க்குக் குறுக்கே பச்சை ரப்பர் ஷீட் இழுத்துக் கட்டியிருந்தது; கெட்டுப்போன பல் ஒன்று மட்டும் அதன் நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் அவர் வந்து பிறந்த நாளிலிருந்து, விழித்திருக்கும்போது அவர் பேச முடியாமல் இருப்பது இதுவே முதல் தடவை. டாக்டரம்மா அதை வீணாக்க விரும்பவில்லை.

"பெரியத்தான், ரெண்டு விஷயம். சம்மதம்னா கண்ணை மூடித் திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன். முதல் விஷயம். இந்த நாற்காலி எனக்குத்தான். புதுச் சோதனையில என்ன முடிவு வந்தாலும் எனக்குத்தான்."

"ஆ..."

"ஆ கணக்குல வராது. கண்ணு."

பெரிய டாக்டர் விளக்கைப் பார்த்தார். நர்ஸக்காவின் கையிலிருந்த ஊசிக்குழாயைப் பார்த்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. மோப்பம்கூடச் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

கண் திறந்தது.

"சாட்சி ரெண்டு பேர் இருக்கோம்," என்றாள் வாலு.

டாக்டரம்மா நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார். நெற்றியில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கினார். மாடியைப் பற்றிய நினைப்பு அவர் முகத்திலிருந்து சுத்தமாக மறைந்துபோயிருந்தது.

"ரெண்டாவது. நீங்கதான் புதுச் சோதனைக்கு ஒத்திகை ஆள். அதனால நாளைக்குப் போன் வரும். நர்ஸக்கா பண்ண வேண்டாம், பயந்துடுவீங்க. குயில் பண்ண வேண்டாம், லீவு கேட்பீங்க. அதனால, இனிமே இந்த ஆஸ்பத்திரியில எல்லா நோயாளிக்கும் ஒரே ஆள்தான் போன் பண்ணப் போறாங்க. நான் பேசிட்டேன், சரின்னுட்டாங்க." ஊசிக்குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் குமிழியைத் தட்டினார். "உங்க சம்சாரம்."

பெரிய டாக்டர் கையைத் தூக்கினார்.

"பெரியத்தான்," என்றார் டாக்டரம்மா, "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."